ஒன்றுமில்லாததற்கு ஒன்பது சீசன்

போன இதழில் ஒரு வாசகர் "மனசு சரியில்லாத நாளில் என்ன பார்ப்பீர்கள்?" என்று கேட்டதற்கு 'சைன்ஃபெல்ட்' என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பாதிப் பேர் நன்றி சொல்லியிருக்கிறார்கள், மீதிப் பேர் தங்கள் இரண்டு மணி நேரத்தைத் திருப்பிக் கேட்கிறார்கள். அதனால் இந்த இதழ் முழுக்க அந்த ஒரே சமாச்சாரம்தான். கிரிக்கெட், சினிமா, சர்க்கரை வியாதி பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும்.

தெரியாதவர்களுக்கு: அமெரிக்காவில் என்பிசி சேனலில் 1989 ஜூலையில் ஒரு சோதனை எபிசோடோடு தொடங்கி 1998 மே மாதம் முடிந்த காமெடித் தொடர். ஜெர்ரி சைன்ஃபெல்ட் என்கிற மேடைக் காமெடியன் தன் சொந்தப் பெயரிலேயே நடிக்கிறார். நண்பன் ஜார்ஜ், முன்னாள் காதலி எலேன், எதிர்வீட்டுக் கிரேமர். நியூயார்க்கில் ஒரு அப்பார்ட்மென்ட், ஒரு காபி ஷாப். ஆள் கணக்கு, இடக் கணக்கு அவ்வளவுதான்.

கே: சார், உங்கள் பேச்சைக் கேட்டு மூன்று எபிசோட் பார்த்துவிட்டேன். கதை எப்போது ஆரம்பிக்கும்?
(தஞ்சாவூர் வாசகர்)

ப: ஆரம்பிக்காது. மொத்தம் 180 எபிசோட், எதிலும் ஆரம்பிக்காது. அதற்காகக் காத்திருக்காதீர்கள்.

காத்திருப்பது என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது, உங்களுக்கு அதைச் சொல்லிவிடுகிறேன். 1991 மே மாதம் வந்த எபிசோட், பெயரே 'சைனீஸ் ரெஸ்டாரன்ட்'. ஜெர்ரி, ஜார்ஜ், எலேன் மூன்று பேரும் முன்பதிவு எதுவும் செய்யாமல் ஒரு சைனீஸ் ஓட்டலுக்குள் நுழைகிறார்கள். சாப்பிட்டுவிட்டு ஒரு படத்துக்கு ஓட வேண்டும், அந்தப் படம் அன்றைக்கு ஒரே ஒரு காட்சிதான். வாசலில் பேர் எழுதிக்கொள்கிற ஆள் "அஞ்சு, பத்து நிமிஷம்" என்கிறார். எபிசோட் முழுக்க அந்த அஞ்சு, பத்து நிமிஷம்தான். இடம் மாறாது. நமக்கு ஓடுகிற கடிகாரம்தான் அவர்களுக்கும் ஓடும். பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் டேபிள் கிடைக்கிறது. ஜார்ஜ் தன் காதலிக்குப் போன் பண்ண வேண்டும், ஆனால் ஓட்டலில் இருக்கிற ஒரே காசுப் போனை ஒருத்தர் விடவே மாட்டேன் என்கிறார். ஒரு வழியாகக் கிடைத்துப் பேசினால் அவள் வீட்டில் இல்லை. பிறகு அவளே திருப்பிக் கூப்பிடுகிறாள், ஓட்டல் ஆள் "கொஸ்டான்சா" என்ற ஜார்ஜின் குடும்பப் பெயரை "கார்ட்ரைட்" என்று கூவுகிறார், யாரும் வராததால் அப்படி ஒருத்தர் இங்கே இல்லை என்று சொல்லி வைத்துவிடுகிறார்.

எலேனுக்குப் பசி உயிர் போகிறது. பக்கத்து டேபிளில் யாரோ சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள், தட்டில் எக் ரோல். நேரே போய், ஒரு வார்த்தை பேசாமல் ஒன்றை எடுத்துத் தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்தால் 50 டாலர் தருகிறேன் என்கிறான் ஜெர்ரி. அவள் போகிறாள். போய், பல்லைக் கடித்தபடி உதடு அசையாமல் அந்தக் குடும்பத்திடம் பேரம் பேசுகிறாள்: எனக்கு ஒன்று கொடுங்கள், கிடைப்பதில் உங்களுக்கும் பங்கு. அவர்களுக்கு ஒரு எழவும் புரியவில்லை. திரும்பி வந்துவிடுகிறாள். கல்யாணப் பந்தியில் முன்னால் உட்கார்ந்திருப்பவர் பாயசத்தை முடித்தாரா இல்லையா என்று அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்த யாருக்கும் அந்த நேரத்து எலேனின் முகத்தை விளக்கத் தேவையில்லை.

கடைசியில் வெறுத்துப்போய் வெளியே கிளம்புகிறார்கள். கதவு சாத்திய மறுநொடி அந்த ஆள் "சைன்ஃபெல்ட்" என்று கூப்பிடுகிறார். முடிந்தது.

சேனல்காரர்கள் இந்த ஸ்கிரிப்டைப் பார்த்து விழித்தார்களாம், இதில் கதை எங்கே என்று. அதாவது உங்கள் கேள்விதான். லாரி டேவிட் (ஜெர்ரியோடு சேர்ந்து தொடரை உருவாக்கியவர்) ஒரு வரி மாற்ற முடியாது, வேண்டுமானால் நான் விலகிக்கொள்கிறேன் என்று நின்றார்.

கே: அந்தக் காலத்து அமெரிக்காவில் வளைகுடாப் போர், கலவரம், தேர்தல் என்று எவ்வளவோ நடந்தது. ஒன்றுமே நடக்காத மாதிரி ஒரு தொடர் எப்படி ஓட முடிந்தது?
(மதுரை வாசகர்)

ப: இதைக் கேட்டதற்கு உங்களுக்கு ஒரு ஷொட்டு. ஏனென்றால் அமெரிக்க காமெடித் தொடர்களின் வழக்கமே வேறு மாதிரி இருந்தது. 1971-இல் 'ஆல் இன் தி ஃபேமிலி' வந்தது. அதில் ஒரு முன்கோபக்கார மாமனாரும் மாப்பிள்ளையும் வரவேற்பறையில் உட்கார்ந்து நிறவெறி, வியட்நாம் போர் என்று சண்டை போடுவார்கள், நாடு முழுக்க உட்கார்ந்து பார்த்தது. 'சைன்ஃபெல்ட்' ஓடிக்கொண்டிருந்த அதே 1992-இல் வேறொரு சேனலில் 'மர்ஃபி பிரவுன்' தொடரின் நாயகி கல்யாணம் ஆகாமல் குழந்தை பெற்றுக்கொண்டாள் என்பதற்காகத் துணை ஜனாதிபதி டான் க்வேல் மேடையிலேயே கண்டித்துப் பேசினார். காமெடி என்றால் அதில் ஒரு பிரச்சினை இருக்க வேண்டும், முடிவில் ஒரு நல்ல வார்த்தை இருக்க வேண்டும் என்று எல்லோரும் நினைத்த காலம். லாரி டேவிட் தன் எழுத்தாளர்களுக்குப் போட்ட சட்டம் இரண்டே இரண்டு: யாரும் யாரையும் கட்டிப்பிடிக்கக் கூடாது, யாரும் எந்தப் பாடமும் கற்றுக்கொள்ளக் கூடாது.

ஆனால் ஒன்று. அரசியல் அந்தத் தொடருக்குள் வரவே இல்லை என்று நினைக்காதீர்கள். வந்தது. வந்தால் என்ன ஆகும் என்பதுதான் வேடிக்கை. 1993 நவம்பர் 2-ஆம் தேதி நியூயார்க் மேயர் தேர்தல். அந்த நகரத்தின் முதல் கறுப்பின மேயரான டேவிட் டிங்கின்ஸை எதிர்த்து ரூடி ஜூலியானி நிற்கிறார். குற்றங்கள், இனச் சண்டை என்று ஊரே இரண்டாகப் பிரிந்து கிடந்த, சொற்ப வித்தியாசத்தில் முடிந்த தேர்தல். இரண்டே நாள் கழித்து, 4-ஆம் தேதி, 'சைன்ஃபெல்ட்' எபிசோட் வருகிறது. அதில் இந்தத் தேர்தலை எது தீர்மானிக்கிறது தெரியுமா? தயிர்.

ஊரில் ஒரு யோகர்ட் கடை, கொழுப்பே இல்லாத யோகர்ட் என்று போர்டு. ஜெர்ரியும் எலேனும் மொக்கு மொக்கென்று மொக்கி எடை ஏறிவிடுகிறார்கள். இதற்கு நடுவில் எலேன் டிங்கின்ஸிடம் வேலை பார்க்கும் ஒருவனோடு பழகுகிறாள். பேச்சுவாக்கில், ஊரில் எல்லோரும் சட்டையில் பேர் எழுதி மாட்டிக்கொண்டால் ஒருத்தரை ஒருத்தர் பேர் சொல்லிக் கூப்பிடலாமே, ஊர் சிநேகமாகிவிடுமே என்கிறாள். அவன் அதைக் கொண்டுபோய் மேயர் காதில் போட, டிங்கின்ஸ் அதைத் திட்டமாகவே அறிவித்து ஊர் சிரிக்கிறது. அந்தப் பக்கம் ஜூலியானியின் ரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரால் எகிறி நிற்க, அவர் யோகர்ட் கடைகளை விசாரிப்பேன் என்று கிளம்புகிறார். நிஜ ஜூலியானி, ஜெயித்த கையோடு, தானே வந்து நடித்தார். டிங்கின்ஸ் ஜெயித்தால் போடுவதற்கு மாற்றுக் காட்சிகளும் தயாராக இருந்தன. எவர் ஜெயித்தாலும் அவர்களுக்குக் கவலை இல்லை, தயிரில் கொழுப்பு இருந்தால் போதும்.

கென்னடி கொலையும் அப்படித்தான். அதைப் பற்றிய ஒரு பெரிய படம் 1991 டிசம்பரில் வந்து, ஒரே குண்டு இத்தனை இடத்தில் எப்படி வளைந்து பாய்ந்தது என்று அமெரிக்காவே விவாதித்துக்கொண்டிருந்தது. இரண்டு மாதத்தில் 'சைன்ஃபெல்ட்' அதை எடுத்துக்கொண்டது. கீத் ஹெர்னாண்டஸ் என்ற நிஜ பேஸ்பால் வீரர் தங்கள் மேல் எச்சில் துப்பிவிட்டதாகக் கிரேமரும் போஸ்ட்மேன் நியூமனும் சொல்ல, ஜெர்ரி வக்கீல் மாதிரி நின்று அந்த ஒரே எச்சில் எந்தக் கோணத்தில் புறப்பட்டு யார் தலையில் பட்டு எங்கே திரும்பி யார் மணிக்கட்டில் விழுந்தது என்று ஆளை நிறுத்தி வைத்து நிரூபிக்கிறான், துப்பியது இன்னொருத்தர் என்று முடிக்கிறான். நியூமனாக நடித்த வெய்ன் நைட் அந்தக் கென்னடி படத்திலும் நடித்தவர், அங்கேயும் கிட்டத்தட்ட அதே காட்சியில் நின்றவர். நாட்டையே உலுக்கிய விவாதம் துப்பலாகிப் போன அந்த நேரத்தில் கென்னடி கட்சிக்காரனும் சிரித்தான், எதிர்க்கட்சிக்காரனும் சிரித்தான். எனக்கு அதில் பிடித்தது இதுதான்: அரசியல் ஜோக் சொன்னால் கேட்பவன் முதலில் இது யாரைக் குத்துகிறது என்று பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பான். எச்சிலுக்கு அந்தத் தாமதம் கிடையாது.

கே: "ஒன்றுமில்லாததைப் பற்றிய தொடர்" என்று சொன்னது யார்?
(காரைக்குடி வாசகி)

ப: ஜார்ஜ். தொடருக்குள்ளேயே. 1992-இல் ஒரு எபிசோடில் ஜெர்ரியும் ஜார்ஜும் என்பிசி அலுவலகத்துக்குப் போய் ஒரு தொடருக்கு யோசனை சொல்கிறார்கள். எதைப் பற்றி என்று கேட்கிறார்கள். ஒன்றுமில்லை என்கிறான் ஜார்ஜ், அதையும் ஏதோ கொள்கைப் பிரகடனம் மாதிரி. நிஜத்தில் அவர்கள் என்பிசியிடம் சொன்னது வேறு: ஒரு காமெடியனுக்கு ஜோக் எங்கிருந்து கிடைக்கிறது என்பதைக் காட்டும் தொடர். அதனால்தான் ஆரம்ப வருஷங்களில் எபிசோடின் முன்னும் பின்னும் ஜெர்ரி மைக்கைப் பிடித்து மேடையில் பேசுவார். சோதனை எபிசோடை ஆட்களுக்குப் போட்டுக் காட்டியபோது "சுமார்" என்றுகூட யாரும் சொல்லவில்லை, அதற்கும் கீழே. சேனலில் ரிக் லட்வின் என்ற ஒரு அதிகாரிக்கு மட்டும் பிடித்துப்போய், தன் துறையில் பாப் ஹோப் என்ற மூத்த காமெடியனின் நிகழ்ச்சிக்கு வைத்திருந்த பணத்தை இந்தப் பக்கம் திருப்பி நான்கே நான்கு எபிசோடுக்கு வழி பண்ணினார். அந்த நான்கு இல்லாவிட்டால் நீங்களும் நானும் இன்று சர்க்கரை வியாதியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்போம்.

கே: அன்றாடம் நடக்கிறதைச் சொல்வதுதானே? இதை யார் வேண்டுமானாலும் எழுதலாமே சார். இதற்கு ஏன் இவ்வளவு பில்டப்?
(சேலம் வாசகர்)

ப: எழுதுங்களேன், அனுப்புங்கள், போடுகிறேன். சும்மா சொல்லவில்லை. நானும் முயன்று பார்த்தவன். பஸ்ஸில் சில்லறை தராத கண்டக்டர் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன், என் வீட்டில் படித்துவிட்டு "அப்புறம்?" என்றார்கள்.

கவனித்தால் போதாது, அதை வக்கீல் நோட்டீஸ் அளவுக்கு இழுக்கத் தெரிய வேண்டும். 1992-இல் வந்த பார்க்கிங் எபிசோடைப் பாருங்கள். ஜெர்ரி வீட்டு வாசலில் ஒரே ஒரு இடம் காலி. ஜார்ஜ் ஒழுங்கான முறைப்படி காரைக் கொஞ்சம் முன்னால் கொண்டுபோய்ப் பின்பக்கமாக உள்ளே விடுகிறான். அதே நேரம் இன்னொருத்தன் முன்பக்கமாக மூக்கை நுழைக்கிறான். இரண்டு காரும் பாதி உள்ளே, பாதி வெளியே. யாரும் விட்டுத்தரவில்லை. ரிவர்ஸில் வருபவனுக்குத்தான் உரிமை என்று ஒரு கட்சி, காலி இடத்தை முதலில் தொட்டவனுக்குத்தான் உரிமை என்று ஒரு கட்சி. தெருவில் போகிறவர்கள் நின்று பக்கம் சேருகிறார்கள். ஒரு டிரக் வருகிறது, போக முடியவில்லை. மேலே அவர்கள் பார்க்க வந்த குத்துச்சண்டை டிவியில் முடிந்தே போகிறது. கடைசியாகப் போலீஸ் வருகிறது, இரண்டு பேர். ஒரு போலீஸ்காரர் ரிவர்ஸ் கட்சி, இன்னொருவர் மூக்குக் கட்சி. இப்போது அவர்கள் இருவரும் சண்டை. இருட்டிவிட்டது, கார்கள் அப்படியே நிற்கின்றன, எபிசோட் முடிந்துவிட்டது.

ஒரு கட்சியின் பெயர் கிடையாது, ஒரு தலைவர் கிடையாது. ஆனால் மனுஷன் எப்படிப் பக்கம் எடுக்கிறான், எடுத்த பிறகு எப்படித் தன் பக்கத்துக்கு நியாயம் தேடுகிறான், தீர்க்க வந்தவனும் எப்படி ஒரு பக்கமாகிப் போகிறான் என்பதை இருபத்திச் சொச்சம் நிமிஷத்தில் இதைவிட யார் காட்டியிருக்கிறார்கள்? அதைப் பார்க்கும்போது நான் ரிவர்ஸ் கட்சியில் இருந்தேன். என் மருமகன் மூக்குக் கட்சி. இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை.

இன்னொரு வித்தை, பெயர் வைப்பது. சிப்ஸைச் சாஸில் ஒரு முறை தொட்டுக் கடித்துவிட்டு, கடித்த அதே முனையை மறுபடி சாஸில் முக்குகிறவர்களை நீங்களும் நானும் காலங்காலமாக முறைத்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஜார்ஜ் அதைச் செய்வது ஒரு சாவு வீட்டில். துக்கத்துக்கு வந்த இடத்தில் இறந்தவர் குடும்பத்தான் ஒருவன் அவனைப் பிடித்துக்கொள்கிறான், "டபுள் டிப்" என்று அந்தக் குற்றத்துக்குப் பெயர் சொல்கிறான், கைகலப்பாகிறது. பிற்பாடு அமெரிக்காவில் கிளெம்சன் பல்கலைக்கழக ஆட்கள் நிஜமாகவே சாஸை வைத்துக் கிருமி எண்ணிப் பார்த்தார்கள், கிருமி சேரத்தான் செய்கிறது. முகத்துக்கு அரை ஜாண் தூரத்தில் வந்து நின்று பேசுகிறவர், வந்த பரிசைப் பேப்பர் மாற்றி அடுத்தவருக்குத் தள்ளிவிடுகிறவர், எல்லோருக்கும் அந்தத் தொடர் ஒரு பட்டப்பெயர் வைத்தது. பெயர் வைத்த பிறகு தப்பிக்க முடியாது. நம் வீட்டு பீரோவின் மேல்தட்டில் யாரோ கொடுத்த சுவர்க் கடிகாரம் மூன்று, பிரிக்காமல், அடுத்த கிரகப்பிரவேசத்துக்காகக் காத்திருக்கின்றன என்பதை நான் ஏன் மறைக்க வேண்டும்.

அதோடு, பாதிக்கு மேல் நிஜத்தில் நடந்தது. ஜார்ஜாக நடித்த ஜேசன் அலெக்சாண்டர் ஒருமுறை ஸ்கிரிப்டைப் படித்துவிட்டு லாரி டேவிட்டிடம் போய், இப்படி எவனுக்கும் நடக்காது, நடந்தாலும் எவனும் இப்படி நடந்துகொள்ள மாட்டான் என்றாராம். எனக்குத்தான் நடந்தது, நான் இப்படித்தான் நடந்துகொண்டேன் என்றார் அவர். ஜார்ஜ் யார் என்று அன்றைக்குத்தான் நடிகருக்குப் புரிந்தது. லாரி டேவிட் முன்பு 'சாட்டர்டே நைட் லைவ்' நிகழ்ச்சியில் எழுத்தாளராக இருந்தபோது, ஆத்திரத்தில் மேலதிகாரியைக் கத்திவிட்டு வேலையை உதறிவிட்டு வந்துவிட்டார். வீட்டுக்கு வந்து எவ்வளவு சம்பளம் போச்சு என்று கணக்குப் பார்த்ததும் வயிறு கலங்கிவிட்டது. திங்கட்கிழமை ஒன்றுமே நடக்காத மாதிரி ஆபீஸ் போய் உட்கார்ந்துகொண்டார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை! அதை அப்படியே ஜார்ஜுக்கு எழுதினார், ஒரே ஒரு மாற்றம், ஜார்ஜுக்கு அது பலிக்கவில்லை, துரத்திவிட்டார்கள்.

கே: கிரேமர் கதவைத் திறந்துகொண்டு வருவது மட்டும்தான் எனக்குப் பிடிக்கிறது. தப்பா?
(ராமநாதபுரம், பிளஸ் டூ மாணவர்)

ப: தப்பில்லை தம்பி. எல்லோரும் அங்கிருந்துதான் உள்ளே போகிறோம். முதலில் பரீட்சையை முடி.

கே: என் மகள் கல்லூரியில் படிக்கிறாள். "அரசியல் பேசாமல் இருப்பதே ஒரு அரசியல்தான் அப்பா, வயிறு நிறைந்தவர்களுக்குத்தான் அது முடியும்" என்கிறாள். என்ன பதில் சொல்வது?
(கோவை வாசகர்)

ப: அவள் சொல்வது சரி என்று சொல்லுங்கள், முதலில். நான்கு பேரில் யாருக்கும் வாடகைக் கவலை கிடையாது. ஜார்ஜ் வேலை இல்லாமல் இருப்பான், கிரேமர் என்ன செய்து சாப்பிடுகிறான் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் யாரும் பட்டினி இல்லை. நியூயார்க் மாதிரி ஒரு ஊரில், நாலு பேரும் வெள்ளைக்காரர்கள், மற்றவர்கள் கடைக்காரராகவோ டெலிவரி ஆளாகவோ ஓரமாக வந்து போவார்கள். அந்தக் காபி ஷாப்புக்கு வெளிப்புறமாகக் காட்டுவது பிராட்வேயும் 112-ஆவது தெருவும் சேரும் முனையில் இருக்கும் டாம்ஸ் ரெஸ்டாரன்ட். (உள்ளே நடப்பதெல்லாம் லாஸ் ஏஞ்சலஸில் போட்ட செட்.) அதே கட்டடத்தின் மாடியில் அந்த நாட்களில் இருந்தது நாசாவின் கோடார்ட் ஆய்வு நிறுவனம். பூமி சூடாகிக்கொண்டிருக்கிறது என்று 1988-இல் அமெரிக்க செனட்டில் போய் எச்சரித்த ஜேம்ஸ் ஹான்சன் அப்போது அதன் தலைவர். மாடியில் உலகம் வேகிற கணக்கு, கீழே போர்டைக் காட்டிக் காட்டி, சாலட்டுக்கு யார் காசு கொடுத்தது என்கிற ஜார்ஜின் கணக்கு. உங்கள் மகளுக்கு இந்தப் படம் பிடிக்கும், சொல்லுங்கள்.

ஆனால் அதற்கப்புறம் பாபு பட் கதையையும் சொல்லுங்கள். ஜெர்ரி வீட்டு எதிரில் பாபு என்ற பாகிஸ்தான்காரர் ஒரு ஓட்டல் திறக்கிறார். எல்லா நாட்டுச் சாப்பாடும் போடுகிறார், ஈ ஓட்டுகிறார். ஜெர்ரிக்கு மனசு கேட்கவில்லை, உதவ வேண்டும் என்று கை அரிக்கிறது. உங்கள் ஊர்ச் சாப்பாடு மட்டும் போடுங்கள், பிய்த்துக்கொண்டு போகும் என்கிறான். அவர் நம்பி, செலவு செய்து மாற்றுகிறார், கடை மூடிப்போகிறது. விரலை ஆட்டி ஆட்டி ஜெர்ரியைத் திட்டுகிறார். இன்னொரு சீசனில் அவருடைய விசா புதுப்பிக்கும் கடிதம் ஜெர்ரியின் தபாலோடு கலந்து போக, நேரத்துக்குக் கைக்கு வராமல், ஆளை நாட்டைவிட்டே அனுப்பிவிடுகிறார்கள். குடியேற்றச் சட்டம் பற்றி ஒரு வசனம் கிடையாது. ஒரு கவர் தப்பான பெட்டியில் விழுந்தது, அவ்வளவுதான். ஒரு வெளிநாட்டுக்காரரின் வாழ்க்கை எவ்வளவு மெல்லிய காகிதத்தில் நிற்கிறது என்பதும், நல்லது செய்கிறேன் பேர்வழி என்று கிளம்பும் வசதியானவன் அதை எப்படி நிம்மதியாகக் கிழித்துவிட்டுத் தூங்கப் போகிறான் என்பதும் எனக்கு வேறெந்தத் தொடரிலும் இப்படி உறைத்ததில்லை. அந்த நாலு பேரை நல்லவர்கள் என்று தொடர் ஒருநாளும் சொல்லவில்லையே. பாடம் கற்கக் கூடாது என்ற சட்டத்தின் லாபம் அது.

சில நேரம் சறுக்கியும் இருக்கிறது. 1998 மே மாதம், கடைசி எபிசோடுக்கு ஒரு வாரம் முன்னால் வந்த எபிசோடில் போர்ட்டோ ரிக்கோ மக்களின் ஊர்வல நாளில் டிராஃபிக்கில் மாட்டிக்கொள்கிறார்கள். கிரேமர் கை தவறி அவர்கள் கொடியில் தீப்பொறி பட்டு, அணைக்கிறேன் என்று மிதிக்கிறான். அந்த மக்கள் கொதித்துப் போனார்கள், என்பிசி மன்னிப்புக் கேட்டது, கொஞ்ச காலம் அந்த எபிசோடை மறு ஒளிபரப்பே செய்யவில்லை. டிராஃபிக் ஜாம் பற்றிய ஜோக்தான், ஆனால் கொடி என்று வந்துவிட்டால் அது தயிர் இல்லை. அந்த இடத்தில் உங்கள் மகளுக்குத்தான் ஓட்டு.

கே: ஜெர்ரி சைன்ஃபெல்டே இப்போது அரசியல் பேசுகிறாரே?
(சென்னை வாசகர்)

ப: பேசுகிறார். 2024-இல் இஸ்ரேல் ஆதரவு காரணமாக, டியூக் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் அவர் பேச எழுந்தபோது மாணவர்கள் சிலர் எழுந்து வெளியே போனார்கள். தீவிர இடதுசாரிகளால்தான் காமெடி செத்தது என்கிற மாதிரி ஒன்றைச் சொல்லிவிட்டு, அதே வருஷம் தான் சொன்னது சரியில்லை என்று வாபஸும் வாங்கினார். எலேனாக நடித்த ஜூலியா லூயி-டிரைஃபஸ் 2020-இல் ஜனநாயகக் கட்சி மாநாட்டில் ஒருநாள் நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கினார். இதையெல்லாம் செய்தியில் படிக்கிறேன், எபிசோட் பார்க்கும்போது ஞாபகம் வருவதில்லை. வந்தால் பார்ப்பதை நிறுத்திவிடலாம், யாரும் பிடித்து வைக்கவில்லை.

கே: இந்தியா பக்கம் வந்திருக்கிறார்களா?
(பெங்களூரு தமிழ் வாசகி)

ப: வந்தார்கள், ஆனால் பின்பக்கமாக. 1997 நவம்பரில் ஒரு எபிசோட், முடிவில் தொடங்கி ஆரம்பத்தில் முடியும். ஹரால்ட் பின்டர் இதே மாதிரி தலைகீழாக ஓடும் நாடகம் ஒன்று எழுதியிருக்கிறார், அதற்கு மரியாதையாக மாப்பிள்ளைக்குப் பெயரே பின்டர். எலேனுக்குப் பிடிக்காத ஒருத்தியின் கல்யாணம் இந்தியாவில். யாரும் வரக்கூடாது என்பதற்காகவே கடைசி நேரத்தில் அனுப்பிய பத்திரிகை அது. எலேன் சும்மா இருப்பாளா, பழிவாங்கவே டிக்கெட் போடுகிறாள். மாப்பிள்ளையின் பெற்றோரே "அவ்வளவு தூரம் யார் போவது" என்று கழன்றுகொள்கிறார்கள். படப்பிடிப்புக்கு யாரும் இங்கே வரவில்லை, எல்லாம் செட்டுதான், பார்த்தாலே தெரியும். எனக்குக் கோபம் வரவில்லை. நம்மூரில் முதல் நாள் சாயங்காலம் கையில் திணிக்கப்படும் பத்திரிகைகளை வாங்கியவன் நான்.

கே: செல்போன் வந்த பிறகும் இது சிரிப்பு வருமா?
(திருப்பூர் வாசகர்)

ப: பாதிக் கதை செல்போன் இருந்தால் இரண்டாவது நிமிஷத்திலேயே முடிந்துவிடும், உண்மை. சைனீஸ் ஓட்டலில் ஜார்ஜ் ஒரு மெசேஜ் அனுப்பியிருப்பான். ஆனால் அனுப்பிய மெசேஜுக்கு இரண்டு நீலக் கோடு விழுந்தும் ஏன் பதில் வரவில்லை என்று ஜெர்ரியோடு உட்கார்ந்து மூன்று மணி நேரம் விசாரணை நடத்தியிருப்பானே, அதை விட்டுவிட்டீர்களே. 2021 அக்டோபரில் நெட்ஃப்ளிக்ஸில் உலகம் முழுக்க வந்தபோது காசுப் போனையே பார்த்திராத பிள்ளைகளும் பார்த்தார்கள். என் வீட்டில் ஒருத்தி இருக்கிறாள், அவள் கேட்ட ஒரே சந்தேகம்: "இவங்க ஏன் கதவைப் பூட்டவே மாட்டேங்கறாங்க?"

கே: கடைசி எபிசோட் படுமோசம் என்கிறார்கள். பார்க்கலாமா? எங்கிருந்து தொடங்குவது?
(புதுச்சேரி வாசகர்)

ப: முதல் சீசனை விடுங்கள், அது தட்டுத் தடுமாறி நடக்கும், சோதனை எபிசோடில் எலேனே கிடையாது, கிரேமருக்குப் பெயர்கூட வேறு. இரண்டாவது சீசனில் அந்தச் சைனீஸ் ஓட்டல், மூன்றாவதில் பார்க்கிங் இரண்டு (இன்னொன்றில் ஒரு கார் நிறுத்துமிடத்தில் காரைத் தேடியே எபிசோட் முடியும், கடைசியில் காருக்குள் ஏறியபின் அது ஸ்டார்ட் ஆகாமல் போனது எழுதியது இல்லை, நிஜமாகவே மக்கர் பண்ணியது). அப்புறம் ஐந்தாவதில், ஜார்ஜ் கடல் விஞ்ஞானி என்று ஜெர்ரி விட்ட புளுகால் அவன் திமிங்கிலத்திடம் மாட்டுவது. அதற்குமேல் நீங்களே போய்விடுவீர்கள்.

கடைசி எபிசோடை அமெரிக்காவில் ஏழரைக் கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள், அதில் நிறையப் பேர் திட்டினார்கள். நாலு பேரும் ஒரு சின்ன ஊரில் மாட்டிக்கொள்ள, எதிரே ஒரு குண்டு மனுஷனிடம் துப்பாக்கி காட்டிக் காரைப் பறிக்கிறான் ஒருத்தன். இவர்கள் உதவவில்லை, கேலி பேசிக்கொண்டே வேடிக்கை பார்க்கிறார்கள், கிரேமர் வீடியோ எடுக்கிறான். ஆபத்தில் இருப்பவனுக்கு உதவாதது குற்றம் என்று அந்த ஊரில் சட்டம். வழக்கு, ஒன்பது வருஷமாக இவர்கள் இம்சித்த அத்தனை பேரும் கூண்டேறிச் சாட்சி, விரலை ஆட்டிக்கொண்டு பாபுவும். ஒரு வருஷம் ஜெயில். கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று கைக்குட்டையோடு உட்கார்ந்தவர்களுக்குக் கோபம் வரத்தான் செய்யும். எனக்குப் பிடிக்கும், நடுவில் கொஞ்சம் இழுவை என்பதைத் தவிர.

ஜெயில் அறைக்குள் உட்கார்ந்ததும் முதலில் என்ன பேசுகிறார்கள் என்பதற்காகவாவது பாருங்கள். ஜெர்ரி ஜார்ஜின் சட்டையைப் பார்த்து, அந்த இரண்டாவது பட்டன் மோசமான இடத்தில் இருக்கிறது, ரொம்ப மேலே என்கிறான். 1989-இல் முதல் எபிசோடின் முதல் பேச்சும் இதே பட்டன்தான். இதை நாம் முன்னாலேயே பேசியிருக்கிறோமோ என்று ஜார்ஜுக்கே சந்தேகம் வருகிறது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது நானும் குனிந்து பார்த்தேன். போன தீபாவளிக்குத் தைத்த சட்டை. ரொம்ப மேலேதான் இருக்கிறது.